வானிலைக் குறிப்பேட்டின் வரலாறு

வானத்தை நோக்காத மக்கட் கூட்டம் உலகில் யாண்டும் இல்லை. உழவனும், மாலுமியும், மேய்ப்பனும் தத்தம் தொழிலின்பொருட்டு மேகத்தையும் காற்றையும் நாள்தோறும் உற்று நோக்கியே வாழ்ந்து வந்தனர். தென்றல் தொடங்குங் காலமும், வாடை வீசுங் காலமும், ஈசான மூலையில் மின்னினால் மழை உண்டென்பதும் நம் நாட்டு உழவர் ஏட்டைப் பாராமலே அறிந்தவை. இவ்வறிவை இகழ்தல் பேதைமையாம். ஆயினும், நோக்குதல் வேறு. நோக்கியதை அளந்து, அளந்ததைக் குறித்த நேரந் தவறாது எழுதிவைத்தல் வேறு. முன்னது எல்லா நாட்டினர்க்கும் பொது. பின்னது எங்கே, எவ்வாறு தோன்றிற்று என்பதையும், அது நம் தமிழகத்துக்கு வந்து வேரூன்றியவாறு யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மழையை அளக்க வேண்டும் என்னும் எண்ணம் மேனாட்டார்க்கே உரியதென நினைத்தல் தவறு. கௌடலியரின் அர்த்தசாஸ்திரம், வாயகலம் வரையறுக்கப்பட்ட கலத்தில் மழைநீரைப் பிடித்து அளக்கும் முறையைக் கூறி, நிலத்துக்கு நிலம் மழையின் அளவு வேறுபடுதலையும் எடுத்துரைக்கின்றது. அரசனது விளைநிலத்தில் எதை எப்பொழுது விதைப்பது என்று துணிவதற்கே அவ்வளவு பயன்பட்டது. கொரியா நாட்டில் சேஜோங் மன்னரது ஆட்சியில், 1441-ஆம் ஆண்டை ஒட்டி, ஒரே வடிவான மழைக்கலங்கள் செய்யப்பெற்று மாகாணங்களுக்கு அனுப்பப்பட்டன. நம் பஞ்சாங்கங்களோ இவ்வாண்டு இத்தனை மரக்கால் மழை என்று முன்னரே கூறுகின்றன. ஆனால் பஞ்சாங்கத்தின் மரக்கால் பெய்த மழையை அளந்து கண்டதன்று. பெய்யப்போகும் மழையைக் கணித்துச் சொன்னது. இவ்வேறுபாட்டை மாணவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். இக்கட்டுரையின் உயிர்நிலை அதுவே.

இனி மேனாட்டு வரலாற்றைப் பார்ப்போம். இத்தாலி தேசத்து டாரிசெல்லி என்பார் 1643-ஆம் ஆண்டளவில், ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயிற் பாதரசத்தை நிரப்பித் தொட்டியிற் கவிழ்த்து, அது ஏறத்தாழ 30 அங்குல உயரத்தில் நிற்பதைக் காட்டினார். பாதரசத்தைத் தாங்கி நிற்பது நம்மைச் சூழ்ந்த காற்றின் பாரமே என்பது அவரது கொள்கை. 1648-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோட்கிணங்க, அவருடைய மைத்துனர் பெரியே என்பார் பாரமானியைப் பீ-த-தோம் என்னும் மலைமீது கொண்டுசென்றார். மலையடியில் நின்ற அளவினும் மலையுச்சியில் பாதரசம் இறங்கிற்று. மேலே செல்லச் செல்லக் காற்றின் பாரம் குறைகின்றது என்பது இவ்வாறு ஐயமற விளங்கியது.

கருவி கிடைத்த அளவில் விஞ்ஞானம் பிறந்துவிடவில்லை. 1654-ஆம் ஆண்டில் டஸ்கனி நாட்டுப் பெருங்கோமகன் இரண்டாம் பெர்டினாந்து, பிளாரன்ஸ், பைசா, பொலோனா முதலிய இத்தாலிய நகரங்களிலும், இன்ஸ்புருக், வார்சா முதலிய தொலைவிடங்களிலும் ஒத்த வகையான உஷ்ணமானிகளை வைப்பித்து, நாடோறும் பலமுறை அளவெடுத்து அனுப்புமாறு ஏற்பாடு செய்தான். அளவெடுத்தவருட் பலர் மடங்களில் வாழ்ந்த துறவிகள். மணியோசைக்கு எழுந்து, மணியோசைக்கு வழிபட்டு, நாளை நாழிகைகளாகப் பகுத்து வாழ்ந்த அவர்கட்கு, நேரந் தவறாமற் கருவியை நோக்கும் இப்பணி இயல்பாகவே பொருந்திற்று எனலாம். அவ்வேற்பாடு சில ஆண்டுகளே நிலைத்தது. ஆயினும் பல ஊர்களில், ஒத்த கருவியால், ஒரே முறையில் அளத்தல் என்னும் கருத்து நிலைபெற்றுவிட்டது.

ஒரே முறையின் இன்றியமையாமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் 1769-ஆம் ஆண்டு வெளியான தம் கட்டுரையில் வியப்பான ஒரு செய்தியைத் தெரிவித்தார். அவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உச்சியில் ஒரு மழைமானியும், அருகிலுள்ள வீட்டின் கூரைமீது ஒன்றும், தரையையொட்டி ஒன்றுமாக மூன்றை வைத்தார். ஓராண்டிற் கீழேயிருந்தது ஏறத்தாழ 22½ அங்குல மழையையும், கூரைமேலிருந்தது 18 அங்குலத்தையும், தேவாலய உச்சியிலிருந்தது 12 அங்குலத்தையுமே பிடித்தன. பெய்தது ஒரே மழை, அளவோ மூன்று! உயர்ந்த இடத்தில் வலிந்து வீசுங் காற்று துளிகளைக் கலத்தின் வாயினின்றும் விலக்கிக்கொண்டு போதலே இதற்குக் காரணம். கருவியை வைக்கும் உயரத்தைக்கூட வரையறுக்காவிடில், ஓரூர் மழையை மற்றோரூர் மழையோடு ஒப்பிடல் வீண் என்பது இதனாற் பெறப்படும்.

இக்குறையை நீக்க முயன்றோருள் ஜெர்மனி தேசத்து மான்ஹைம் நகரக் கழகத்தார் தலைசிறந்தவர். 1780-ஆம் ஆண்டு தோன்றிய அக்கழகம் ஒப்புநோக்கிச் சரிபார்த்த கருவிகளை விலையின்றி வழங்கி, அளவெடுக்கும் விதிகளையும் அச்சிட்டு உடனனுப்பியது. காலை 7 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 9 மணி என்பன அவர்கள் வகுத்த நேரங்கள். யூரல் மலை முதல் வட அமெரிக்கா வரை 39 இடங்களிலிருந்து குறிப்புகள் வந்தன. போர்களின் குழப்பத்தால் 1795-ஆம் ஆண்டளவில் அப்பணி நின்றுபோயிற்று. எனினும் அவர்கள் வகுத்த நேரங்கள் பல நாடுகளில் நெடுங்காலம் வழங்கின.

இவ்வழக்கம் நம் நாட்டுக்கு வந்தவாறு இனிக் காண்போம். சோழமண்டலக் கரையிலுள்ள தரங்கம்பாடியில் டேனிய மன்னரது ஆதரவிற் குடியேறிய மிஷனைச் சார்ந்தோர், ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்துக்கு விடாது எழுதியனுப்பிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் பலவுள. அவற்றுள் ஆத்தும விசாரணைச் செய்திகளோடு காற்று, மழை, வெயில் பற்றிய செய்திகளும் கலந்து கிடக்கின்றன. 1730-ஆம் ஆண்டுகளிலேயே அவ்வூரில் எடுக்கப்பட்ட வானிலைக் குறிப்புகளை, அக்காலத்துத் தட்பவெப்ப நிலையை அறியப் பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்தாண்டுள்ளனர். 1776-ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்த மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உஷ்ணமானி, பாரமானி ஆகியவற்றைக்கொண்டு நாட்குறிப்பு எழுதினார். அது லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் 1778-ஆம் ஆண்டு அச்சாயிற்று. இவரே பின்னர் இந்தியத் தாவர நூலின் தந்தை எனப் புகழப்பெற்றவர்.

சென்னை வான் ஆராய்ச்சி நிலையத்தின் வரலாறு இதனைத் தொடர்கின்றது. வில்லியம் பெட்ரி என்னும் கம்பெனி அதிகாரி 1786-ஆம் ஆண்டில் எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு சிறு நிலையம் அமைத்தார். கம்பெனியார் அதனை ஏற்றுக்கொண்டு, மைக்கேல் டாப்பிங் என்பாரது திட்டப்படி 1792-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்திற் புதிய கட்டடம் எழுப்பினர். அங்கே கருவியைத் தாங்குதற்கு நிறுத்திய கருங்கற்றூணில் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. கணித சாஸ்திரம் ஆசியாவில் ஆங்கிலேயரது கொடையால் அன்றுதான் முதன்முதல் நடப்பட்டது என ஆயிரம் ஆண்டுக்குப் பின் வருவோரும் அறிக என்பது அதன் கருத்து. அத்தூண் நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலக வளாகத்தில் இன்றும் நிற்கின்றது. அதிற் கூறியது எத்துணை உண்மை என்பதைச் சற்றுப் பின்னர் ஆராய்வோம்.

1796-ஆம் ஆண்டு முதல் இந்நிலையத்தில் வானிலைக் குறிப்புகள் ஒழுங்காக எழுதப்பட்டன. அப்பொழுது தலைவராயிருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் செய்த ஆராய்ச்சி ஒன்று சென்னை வாசிகளுக்குச் சுவை பயப்பது. பரங்கிமலையிலும் கோட்டையிலும் நாள்தோறும் பீரங்கி சுடும் வழக்கம் இருந்தது. சுடும்பொழுது தோன்றும் ஒளியைக் கண்ட கணத்துக்கும் ஒலியைக் கேட்ட கணத்துக்கும் இடையே சென்ற நேரத்தை 1820, 1821-ஆம் ஆண்டுகளில் நிலையத்திலிருந்து கணக்கிட்டு, ஒலியின் வேகத்தை அவர் அளந்தார். ஒவ்வொரு முறையும் வெப்பம், ஈரம், காற்று ஆகியவற்றையும் உடன் குறித்தமையால், சூடு மிக்க திங்கள்களில் ஒலி விரைந்தும், குளிர்ந்த திங்கள்களிற் சற்று மெல்லவும் செல்வது புலனாயிற்று. ஊரார் நேரமறியும் பொருட்டுக் கேட்ட அவ்வெடியோசையே ஆராய்ச்சிக்குக் கருவியானமை காண்க.

வெப்ப நாடுகளிற் பாரமானி காட்டும் இயல்பொன்றையும் இங்கே கூறுதல் தகும். ஐரோப்பாவில் பாதரசம் ஏறியிறங்குவது பெரும்பாலும் புயல் மழைகளின் வருகையால். நம் நாட்டிலோ, வானம் தெளிந்த நாளிலும் அது கடலின் ஏற்றவற்றம்போல நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். முற்பகல் 10 மணியளவிலும் இரவு 10 மணியளவிலும் உயர்ந்து நிற்கும். பிற்பகல் 4 மணியளவிலும் பின்னிரவு 4 மணியளவிலும் தாழ்ந்து நிற்கும். இவ்வேற்றத் தாழ்வு ஓரங்குலத்திற் பத்திலொரு பங்கையொட்டியதே. ஒருவன் இன்று காலை 10 மணிக்கும் நாளை மாலை 4 மணிக்கும் பாரமானியைப் பார்ப்பானாயின், பாதரசம் இறங்கிற்று, புயல் வரும் என்று வீணே அஞ்சுவான். நாள்தோறும் ஒரே நேரத்திற் பார்ப்பவனோ, வழக்கத்துக்கு மாறாக அது சிறிதே இறங்கினும் புயலின் வருகையை உணர்ந்து, தோணிகளைக் கரைசேர்க்கச் செய்வான். நேரந் தவறாமை என்பது அலுவலக ஒழுங்கு மட்டுமன்று. உயிர் காக்கும் ஒழுங்கும் ஆகும்.

இப்பொழுது கற்றூணின் கூற்றுக்கு வருவோம். 1805 முதல் 1811 வரை அந்நிலையத்தின் பொறுப்பை ஏற்றிருந்த ஜான் வாரன் என்பார், பின்னர்த் தென்னாட்டுக் காலக்கணித முறைகளைத் தொகுத்துக் காலசங்கலிதம் என்னும் பெருநூலை 1825-ஆம் ஆண்டில் வெளியிட்டார். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரை அவர் கண்டார். அக்கணிதர் தாளும் எழுதுகோலும் இன்றி, சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைத் துணையாகக் கொண்டு, 1825-ஆம் ஆண்டில் நிகழவிருந்த சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் கணக்குச் சில நிமிஷங்களே பிழைத்தது. முடியும் நேரத்திற் பிழை ஒரு மணியினுங் குறைவாயிருந்தது. ஆகவே, கணித சாஸ்திரம் 1792-இல்தான் இங்கு முதன்முதல் நடப்பட்டது என்று தூண் கூறுவது பொருந்தாது. அத்தூண் நிற்குமிடத்தின் பொறுப்பாளராயிருந்தவரே தம் நூலில் அதற்கு மறுப்பான சான்றை எழுதிவைத்தார் என்பது குறிக்கத்தக்கது.

அங்ஙனமாயின் மேனாட்டினின்றும் வந்தது யாது? சோழி பரப்பியவர் விதியை அறிந்திருந்தார். அவ்விதி முன்னோர் தந்தது. கிரகணம் கணித்த நேரத்துக்குச் சிறிது முந்தியோ பிந்தியோ வந்தால், அப்பிழையை ஏட்டிற் குறித்து, பல பிழைகளை ஒருங்கு நோக்கி, விதியையே திருத்தும் வழக்கம் அவரிடையே அருகிவிட்டிருந்தது. கோள்களின் இயக்கம் ஒழுங்குடையது. ஆதலின் பழைய விதியும் பெரும்பாலும் பயன்பட்டது. மழைக்கோ அத்தகைய எளிய விதியில்லை. அதனை முதலிற் கணிக்கத் தொடங்கலாகாது. முதலில் அளக்க வேண்டும். நெடுநாள் அளக்க வேண்டும். விதி தோன்றும்வரை பொறுத்திருக்க வேண்டும். இப்பொறுமையும், அதற்குத் துணையான குறிப்பேடுமே புதிதாக வந்தவை. கணிதம் இங்கு முன்பே இருந்தது. குறிப்பேடு வந்து அதனோடு கூடிற்று.

இக்கூட்டுறவின் விளைவாக விளங்கியவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார். சென்னை நிலையத்தில் உதவியாளராய்ப் பணியாற்றி உயர்ந்த இவர், 1867-ஆம் ஆண்டில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1874-ஆம் ஆண்டில் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடந்த நிகழ்ச்சியைப் பொதுமக்கள் அறியும்பொருட்டு நம் நாட்டு மொழிகள் பலவற்றில் நூல் வெளியிட்டார். நோக்கியறிந்த அளவுகளைக்கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்திய திருக்கணித முறைக்கும் உழைத்தார். மரபையும் விடாமல், பிழையையும் மறையாமல் இருத்தல் கூடும் என்பதற்கு இவர் வாழ்க்கையே சான்று.

குறிப்பேட்டின் பயனையும், அதனைப் பிழைபடப் பயன்படுத்தும் இடரையும் ஒருங்கே காட்டுவது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம். தாது ஆண்டுப் பஞ்சம் என்று நம் பாட்டனார் காலம்வரை அஞ்சிப் பேசப்பட்டது அதுவே. சென்னை நிலையத்தில் 1813-ஆம் ஆண்டு முதல் அளந்து எழுதிய மழைக்கணக்கு இருந்தது. வில்லியம் ஹண்டர் என்பார் 1877-ஆம் ஆண்டில் அக்கணக்கை எடுத்தாண்டு, சூரியனிற் காணும் களங்கங்கள் 11 ஆண்டுக்கொருமுறை பெருகிக் குறைவதற்கும் சென்னை மழைக்கும் தொடர்புண்டு எனவும், பஞ்சமும் அச்சுற்றிலேயே வரும் எனவும் வாதித்தார். கருத்துக் கவர்ச்சியானது, பலர் அதனை நம்பினர். பின்வந்த ஆண்டுகளின் மழையோ அவ்விதிக்கு இணங்கவில்லை. அறுபத்துநான்கு ஆண்டுக் கணக்கு நமக்கு நெடிதாகத் தோன்றினும், அதில் அடங்கிய சுற்றுகள் ஐந்தாறே. ஐந்தாறு சுற்றைக்கொண்டு விதி வகுத்தல் அவசரமாயிற்று. அன்றியும், மழை பொய்த்தமை மட்டுமே அவ்வளவு உயிர்களைக் கொன்றதன்று. பஞ்சகாலத்திலும் துறைமுகங்கள் வழியாகத் தானியம் வெளிநாடு சென்றது. நிவாரண வேலைக்குத் தந்த கூலியோ மிகக் குறைவு. பழியை முழுதும் சூரியன்மேற் சுமத்துவது ஆள்வோர்க்கு எளிதாகும். மழையின் அளவைச் சொல்வது குறிப்பேட்டின் கடன். மாந்தர் பசிக்கு யார் பொறுப்பு என்பதை அது சொல்லாது. அதனை ஆராய்வது நம் மனச்சான்றின் கடன்.

அதற்கு முன்னரே, 1864-ஆம் ஆண்டு அக்டோபரிற் கல்கத்தாவையும், நவம்பரில் மசூலிப்பட்டினத்தையும் கொடிய புயல்கள் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டன. 1866-ஆம் ஆண்டில் ஒரிஸ்ஸாப் பஞ்சம் வந்தது. மாகாணந்தோறும் தனித்தனியே அளப்பது போதாது என்பது தெளிவாயிற்று. 1875-ஆம் ஆண்டில் இந்திய வானிலை இலாகா நிறுவப்பட்டு, ஹென்றி பிளான்போர்ட் அதன் முதற் தலைவரானார். தந்தி வாயிலாக ஊர்தோறும் எடுத்த அளவுகளை அன்றன்றே ஒருங்கு சேர்த்தல் அப்பொழுது இயல்வதாயிற்று. இமயமலையிற் பனி மிகுந்த ஆண்டில் தென்மேற்குப் பருவமழை குன்றும் என்னும் கருத்தை அவர் 1884-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதுமுதலாகப் பருவமழையை முன்னறிந்து கூறும் முயற்சி நடைபெற்றது. ஆயினும் 1899-ஆம் ஆண்டில் நல்ல மழை வரும் என இலாகா கூற, மழை பொய்த்துக் கடும்பஞ்சம் வந்தது.

அதன்பின் 1904-ஆம் ஆண்டில் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜிற் சிறந்த கணித வல்லுநர். அவர் எந்தக் கொள்கையையும் முன்வைத்துத் தொடங்கவில்லை. உலகின் பல பகுதிகளிற் பல்லாண்டுகளாக எழுதிவைத்த காற்றின் அழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டி, எது எதனோடு சேர்ந்து மாறுகின்றது என்று கணக்கிடச் செய்தார். அவ்வலுவலகத்திற் கூட்டியும் பெருக்கியும் நாட்களைக் கழித்தோர் பெரும்பாலும் இந்தியரே. பசிபிக் மாகடலின்மேற் காற்றழுத்தம் ஓங்கும்பொழுது இந்துமாகடற் பகுதியில் அது தாழ்வதும், முன்னதிற் றாழும்பொழுது பின்னதில் ஓங்குவதுமாகிய பேரூசலை அவர் கண்டு, 1924-ஆம் ஆண்டளவில் தென்னூசல் எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். பருவமழையை ஐயமின்றி முன்கூறும் விதியைத் தேடிப் புறப்பட்டவருக்கு அது கிட்டவில்லை. அவர் காலத்து அறிஞர் சிலர் அவர் முடிவுகளை ஐயுற்றனர். 1958-ஆம் ஆண்டில் அவர் காலமானார். 1969-ஆம் ஆண்டில் ஜேக்கப் பியர்க்னஸ் என்னும் அறிஞர், பெரு நாட்டுக் கடற்கரையையொட்டிப் பசிபிக் கடல்நீர் சூடேறும் எல்நினோ நிகழ்ச்சியோடு அவ்வூசல் பிணைந்திருத்தலை விளக்கி, அதிற் கண்ட காற்றோட்டத்துக்கு வாக்கர் பெயரையே சூட்டினார். இன்று செயற்கைக்கோள்களும் கணிப்பொறிகளும் பருவமழையை ஆராயுங்கால் இத்தொடர்பை ஒதுக்கிவிட்டு ஆராய்வதில்லை.

இவ்வரலாற்றால் நாம் பெறும் பாடம் யாது? மேனாட்டு விஞ்ஞானம் நம் நாட்டிற் பரவியது கப்பலில் வந்த கருவிகளாலன்று. கற்றூணிற் பொறித்த எழுத்துகளாலுமன்று. குறித்த மணிக்கு எழுந்து, கருவியின் முன் நின்று, கண்ட அளவைக் கூட்டாமலும் குறைக்காமலும் ஏட்டில் எழுதிய எண்ணற்ற உதவியாளர்களாலேயே அது பரவியது. அவர்களுட் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. 1813-ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்து மழைநீரை அளந்தவன், அது எவருக்கு எப்பொழுது பயன்படும் என்பதை அறிந்திலன். அறியாமலே உண்மையாக எழுதினான். அவன் ஒருநாட் சோம்பி, ஊகத்தால் ஓர் எண்ணை இட்டிருப்பானாயின், அவனைக் கண்டிப்பார் யாருமிலர். ஆனால் பின்வந்தோர் கணக்கு முழுதும் அந்த அளவிற்குக் கறைப்பட்டிருக்கும்.

மற்றொன்றும் உண்டு. அறிவு வந்த மொழியிலேயே நின்றுவிடின் அது நாட்டுக்கு உரியதாகாது. ரகுநாதாசாரியார் சுக்கிரனைப் பற்றித் தமிழில் எழுதினார். 1885-ஆம் ஆண்டில் வானிலை இலாகாவில் அதிகாரியாய்ச் சேர்ந்த பஞ்சாபியர் ருசிராம் சாஹ்னி, பின்னர் லாகூர்க் கல்லூரிக்கு ஆசிரியராய்ச் சென்று, பொதுமக்களுக்குப் பஞ்சாபி மொழியில் விஞ்ஞானச் சொற்பொழிவுகள் ஆற்றினார். இவ்விருவரும் கருவியைக் கையாளக் கற்றதோடு அமையாது, கற்றதைத் தம் மக்களுக்கு விளங்கச் சொல்லியும் வைத்தனர். கல்லூரியிற் பயில்வோர்க்கு இஃது ஒரு கடமையைச் சுட்டுகின்றது.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வரவில்லையென்று, கண்ட எண்ணை அழித்துப் புத்தகத்திலுள்ள எண்ணை எழுதும் ஆசை எவர்க்கும் எழும். மதிப்பெண்ணை நோக்கின் அது சிறு குற்றமாகத் தோன்றலாம். மேலே கூறிய வரலாற்றை நோக்குமிடத்து, அது விஞ்ஞானத்தின் வேரிலே வெந்நீர் வார்ப்பதாகும். பொருந்தாத எண்ணையும் உள்ளவாறு எழுதிவையுங்கள். அதன் பொருளை நாம் அறியாவிடினும், நமக்குப் பின் வருவோர் அறியக்கூடும். மழை எங்கே பெய்யும் என்பது நம் கையிலில்லை. பெய்த மழையை உண்மையாக அளந்து வைப்பது நம் கையில் உள்ளது.